உன் மனையில் மிளகாய் போட்டிருக்கிறேன்

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "புது வீட்ல உனக்குன்னு ஒரு ரூம் ரெடியா இருக்கும்மா. பங்குனிக்குள்ள கிளம்பி வந்துரு. இனிமே அங்க ஒத்தையில கெடக்க வேணாம்" என்று நீ சொன்னாய். ஒரு மனுஷி அதற்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லை வரவில்லை என்று சொல்ல வேண்டும். நானோ, "மிளகா காய்ச்சுக்கிட்டு இருக்கேப்பா" என்றேன். கனடாவிலிருந்து நீ, "மிளகாய்க்காகவாம்மா வரமாட்டேங்கிற?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் டெலிபோன் ஆபீசில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலம் முழுக்க ஊரார் குரலைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவு சொல்லிவிடு என்று போனை வைத்துவிட்டாய்.

அந்த முடிவைத்தான் இதில் எழுதப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். போனில் பேசினால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். நீயும் "சரிம்மா, விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ நினைப்பது போல நான் தொட்டியில் நாலு செடி வைத்துக்கொண்டு அதைச் சாக்குச் சொல்லவில்லை. மிளகாய் போட்டிருப்பது பக்கத்து மனையில். உனக்கு வீடு கட்டவென்று அப்பா வாங்கிப் போட்டாரே, அந்த மனையில். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் இங்கேயே நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு வா. இன்னும் இருக்கிறது.

ஆரம்பித்தது ஆடி மாதத்தில். அப்பா போன பிறகு, மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவே ஒரு பொழுது இருக்கிறதே, அது எனக்குப் பெரும் தொல்லையாகிவிட்டது. காலையில் ஏதாவது வேலை இருக்கும். சாயங்காலம் எதிர்வீட்டு மும்தாஜ் வந்து கேட்டில் சாய்ந்து நின்று பேசுவாள். அவளை நீ பார்த்ததில்லை. பழைய டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. நீ போன பிறகு இங்கே வாடகைக்கு வந்தார்கள். நம் விளாங்குடியில் இன்றைக்கு என்னிடம் வாய் நிறையப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். ஆனால் மதியத்தில் அவளுக்கு அவள் பிள்ளைகள், அவள் வீட்டு வேலை. டிவியைப் போட்டால் அதில் எல்லோரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். தூங்கிப் பார்த்தேன், ராத்திரித் தூக்கம் கெட்டது. அதனால் ஒன்றுமில்லாத அலமாரிகளைக்கூடத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்படித் துடைக்கும்போதுதான் ஒரு டப்பாவின் அடியில் பேரையூர் அத்தை கொடுத்த மோர் மிளகாய் கொஞ்சம் கிடைத்தது. அத்தையும் இப்போது இல்லை. அந்த மிளகாயின் காரம் உனக்கு நினைவிருக்கும். வாயில் வைத்ததும் ஒன்றும் தெரியாது, விழுங்கிய பிறகு காதுக்குள் போய் ஏறும். இதை முளைக்க வைத்தால் என்ன என்று தோன்றியது. விதையை உதிர்த்து, உப்புப் போகக் கழுவி, தயிர் டப்பாவில் மண் போட்டு விதைத்தேன். தினமும் தண்ணீர் தெளித்து, குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மும்தாஜ் வந்து விவரம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எக்கா, அதை வெந்நியில போட்டு, மோர்லயும் உப்புலயும் ஊற வச்சு, வெயில்ல காயவும் வச்சு, அம்புட்டுக் கொடுமையும் பண்ணிட்டு, இப்ப வந்து முளைன்னா அது எப்படிக்கா முளைக்கும்?" என்றாள். படித்து உத்தியோகம் பார்த்த உன் அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. பிறகு அத்தை மகனுக்குப் போன் போட்டேன். அவன் அதே மிளகாயில் காய்ந்த வத்தல் ஒரு பை, பேரையூர் பஸ்ஸில் கொடுத்துவிட்டான்.

அந்த வத்தல் விதையைத் தட்டில் போட்டு வெளியே வைத்தால் ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது. காற்று விட்டால் எறும்பு, எறும்பு விட்டால் மும்தாஜ் வீட்டுக் கோழி. அப்படித்தான் நாற்று உன் அறைக்குள் வந்தது. அந்த அறையை நான் பூட்டித்தான் வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து, கூட்டிவிட்டு, மறுபடி பூட்டுவேன். நீ படித்த மேஜையைக் கிழக்கு ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டு, நர்சரியில் வாங்கிய குழித்தட்டில் தென்னை நார்த் தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டேன். இந்தத் தடவை வந்தது. முதல் முளை கழுத்தை வளைத்துக்கொண்டு, விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. நான் உன் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மதியம் போனதே தெரியவில்லை.

வீட்டுக்குள் முளைத்த நாற்று வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சாயும். காலையில் தட்டைத் திருப்பி வைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி ஜன்னலைப் பார்த்து நிற்கும். தண்டு நூலாக நீண்டது. காற்று படாவிட்டால் தண்டு பலம் பிடிக்காது என்று செல்போன் வீடியோவில் ஒரு பையன் சொன்னான். சரியென்று உன் ஃபேனைப் போட்டுவிட்டேன். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது கரண்டு பில்லைச் சொல்லி அதே ஃபேனை அணைத்தவள் நான். மிளகாய்க்காகப் பகல் முழுக்க ஓட்டினேன். வியர்த்துக்கொண்டே கணக்குப் போட்ட உன் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. இதில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். சிக்கனமாக இரு, ஆனால் பிள்ளையிடத்தில் பார்க்கிற சிக்கனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார். மிச்சம் பிடித்த காசு எங்கே போனதென்று இப்போது எனக்குத் தெரியவில்லை, அந்த முதுகு மட்டும் தெரிகிறது.

ஒரு மதியம் மும்தாஜ் வேகமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். முக்காடுகூடச் சரியாகப் போடவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. "எக்கா, தம்பி வந்துருச்சா? சொல்லவே இல்ல?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "தம்பி ரூம்ல ஃபேன் ஓடுது, ஜன்னல் தெறந்து கெடக்கு, நீங்க பேசுற சத்தம் வேற கேக்குது. அதான் அடுப்புல இருந்ததை அப்படியே எடுத்துக்கிட்டு ஓடியாரேன்" என்றாள். அவள் கையில் மூடி போட்ட கிண்ணம், அதில் உனக்கென்று பாயசம். "இல்ல தாயி, நாத்துக்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவள் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, "நல்லா இருக்கீங்களாடா?" என்று நாற்றுகளைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு மீட்டிங்கில் இருந்தாய், அப்புறம் பேசுகிறேன் என்றாய். அப்புறம் பேசும்போது, என்னம்மா விசேஷம் என்று கேட்டாய். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.

புரட்டாசியில் நாற்று ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல வெயில் அடித்த ஒரு நாள் காலையில் தட்டுகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பாங்குக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் இலையெல்லாம் வெளுத்து, தாளாகத் தொங்குகிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. முதலில் நிழலில் வைத்து, அப்புறம் காலை வெயிலில் கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்சம், பொழுது சாய்ந்தால் மறுபடி உள்ளே, தண்ணீரையும் குறைத்து, அப்படிப் பழக்க வேண்டுமாம். மிச்சத்தை அப்படிப் பழக்கினேன். வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளை வெளியூருக்குப் போனால் என்று இங்கே ஒரு நீதி ஆரம்பிக்கப் போகிறேன் என்று நீ பயப்பட வேண்டாம். நாற்று நாற்றுதான். நீ போன இடத்தில் ஒன்றும் வாடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாய். உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட உண்டு.

நடுவதற்கு இடம் மனைதான். ஆள் விட்டு முள்ளை வெட்டி, ஒரு மூலையைக் கொத்தி நட்டேன். ஒரு வாரத்தில் செடிகள் மஞ்சள் தட்டிவிட்டன. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நிற்கிறது. கரண்டியால் தோண்டினேன், ஒரு சாணுக்குக் கீழே செங்கல். இன்னொரு இடத்தில் சுண்ணாம்புக் காரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோடு போடப் போட மனை பள்ளமாகிவிட்டது என்று அப்பா பழைய வீட்டு இடிசலை லோடு லோடாகக் கொண்டுவந்து கொட்டினாரே, அது. நீ அப்போது வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாய். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்க வெயிலில் நின்று, மேலே கிராவலைப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இடித்து இறுக்கினார். நான் மோர் கொண்டு போய்க் கொடுத்து, "அவனே இன்னும் ஒண்ணும் சொல்லல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். "அவன் சொல்றப்ப சொல்லட்டும். நம்ம பய வீட்டு வாசல்ல மழைத்தண்ணி நிக்கக் கூடாது, பாத்துக்க" என்றார். உன் வீடு நிற்பதற்காக இறுக்கிய மண்ணில் மிளகாய் வேர் இறங்கவில்லை.

செடிகளைப் பிடுங்கி, பேப்பர் கப்பில் வைத்து, மறுபடி உன் அறைக்கே கொண்டுவந்தேன். அந்த இடிசலைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போட்டால் செடி பிழைக்கும். அதை ஒரு நாளில் செய்துவிடலாம். ஆனால் எனக்குக் கை வரவில்லை. தோண்டினால், நீ இங்கே வீடு கட்டப் போவதில்லை என்று நானே முடிவு கட்டியது போல ஆகிவிடும். அதுவரை யார் கேட்டாலும், "மவன் வந்து கட்டுவான், அதுக்குத்தான் போட்டு வச்சிருக்கோம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். அந்த வாரம்தான் நீ வீடியோவில் வந்தாய். சாவி வாங்கியாச்சும்மா என்று வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாய். மருமகள் அனு சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நீ போனை வைத்தாய். அப்புறம் மண் வேலை பார்க்கிற முருகேசனுக்குப் போன் போட்டு, நாளைக்கு வந்துவிடு என்றேன்.

முருகேசன் கடப்பாரையோடு வந்து, "அஸ்திவாரமாம்மா? எத்தனை அடி?" என்று கேட்டான். மிளகாய் போட என்றேன். அவன் கடப்பாரையைக் கீழே ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "வீட்டுக்குன்னு இறுக்குன மண்ணும்மா இது. பறிச்சுட்டா அம்புட்டுத்தான், மறுக்கா முதல்ல இருந்து போடணும். தம்பிகிட்ட கேட்டுக்கிட்டீங்களா?" என்றான். கேட்டாச்சு என்று பொய் சொன்னேன். அவன் குத்தக் குத்த செங்கலும் ஓடும் காரையும் மேலே வந்தன. நான் நிழலுக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்றேன். அப்பா நின்ற இடத்தில்தான் நின்றேன் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தால் என்னைத் திட்டியிருப்பார், அப்புறம் அவரே மண்வெட்டியை வாங்கியிருப்பார். சாயங்காலம் குட்டியானை வண்டியில் வண்டலும் மக்கிய சாணமும் வந்து இறங்கின. முருகேசன் இடிசலை மனையின் கடைசியில் குவித்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் நான் நட்டேன். அந்தக் குவியல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அள்ளிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தடவை செடி பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் தழைத்தது. நடுவில் இலை சுருண்டது, புளித்த மோரைத் தெளித்தேன், கேட்டது. கார்த்திகையில் பூ, மார்கழியில் காய். இப்போது தையில் சிவப்பும் பச்சையுமாகச் சடைசடையாகத் தொங்குகிறது. ஒருத்திக்கு எம்புட்டு மிளகாய் வேண்டும்? தெருவுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், மிளகாயைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று யாரும் கையில் வாங்க மாட்டார்கள். அதனால் காலையில் பறித்து ஒரு தட்டில் போட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதலில் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசி, அப்புறம் எடுத்தார்கள். காரம் கொன்னுருச்சுக்கா என்று சொல்வார்கள், எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். போகப் போகத் தட்டு எங்கே இருக்கும் என்று பழகிவிட்டது. நான் உள்ளே இருக்கும்போதே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தப்பு ஒன்றுமில்லை, வைப்பதே எடுக்கத்தான். ஆனால் ஒரு நாள் வேண்டுமென்றே தட்டை வைக்காமல், ஹாலில் உட்கார்ந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர் வரைக்கும் வந்த செருப்புச் சத்தங்கள் திரும்பிப் போயின. மறுநாள் தட்டை வைத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. நீ பயப்படாதே, சரியாகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்று போகப் போகத் தெரியும். மாத்திரை சாப்பிட்டும் உடம்பு அசதி விடவில்லை. மும்தாஜ் கஞ்சியோடு வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கும்க்கா. மனையில இம்புட்டுக் காய்ச்சுக் கெடக்கு, போற வாறவங்க எல்லாம் பாக்குறாங்கள்ல" என்றாள். உங்களிலுமா இதெல்லாம் உண்டு என்று கேட்டேன். "நஸர்னு சொல்வோம்க்கா. பேருதான் வேற, மிளகா ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, நம் செடியில் காய்ந்த வத்தலும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு என்னை உட்கார வைத்துச் சுற்றினாள். கடைசியாக யார் எனக்குச் சுற்றிப் போட்டார்கள் என்று யோசித்தேன். நீ வயிற்றில் இருக்கும்போதாக இருக்கும். தனக்குத் தானே இதைச் செய்துகொள்ள முடியாது, இன்னொரு கை வேண்டும். இரும்புச் சட்டியைக் காய வைத்து அவள் அதில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் கமறாது என்பார்கள். கமறியது பார், அப்படி ஒரு கமறல். இரண்டு பேரும் இருமி இருமி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட வாசலுக்கு ஓடினோம். மூச்சு வந்ததும் மும்தாஜ் சிரித்தாள். "அக்கா, ஒருத்தர் கண்ணும் படல உங்க மேல. சுத்தம்" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இத்தனை பேர் போகும் தெருவில், இவளுக்கு என்ன குறை என்று பொறாமைப்பட்டுப் பார்க்கக்கூட ஒருவரும் இல்லை என்று தோன்றியது. அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளாகச் சொல்லத் தயங்கியதை அப்போது சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்குத் தினமும் போய் வர முடியவில்லையாம். மாசி பிறந்ததும் கப்பலூர்ப் பக்கமே வீடு மாற்றிப் போகிறார்கள். "பஸ்ஸுல ஏறுனா வந்துரலாம்க்கா, நான் வாரேன், நீங்களும் வாங்க" என்றாள். வருவாள், ஒன்றிரண்டு தடவை. அப்புறம் அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பரீட்சை என்று ஆகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்ப கிளம்பி வர வேண்டியதுதானேம்மா என்று நீ சொல்வாய். இங்கயே ஜன்னல்கிட்ட வளர்த்துக்கம்மா, லைட்டு வாங்கித் தாரேன், இங்க எல்லாரும் வீட்டுக்குள்ளதான் வளர்க்கிறாங்க என்று முன்பே சொல்லியிருக்கிறாய். மிளகாய் அங்கேயும் காய்க்கும், எனக்குத் தெரியும். பிரச்சினை மிளகாய் இல்லை. அப்பா தவறிய வருஷம் நான் உன்னிடம் வந்திருந்தேனே, வந்த வேகத்திலேயே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் கிளம்பினேனே, குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் நீ வரும் நேரத்துக்கு நான் சமையலறை ஜன்னலில் நிற்பேன். கார் வந்து நிற்கும், விளக்கு அணையும், நீ இறங்க மாட்டாய். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாய். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியில் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி உள்ளே வந்து, "என்னம்மா பண்ணுன இன்னைக்கு?" என்று கேட்பாய். ஆபீசில் ஏதோ கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் நானும் அனுவும் கோவிலுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினோம். தெரு முனையில் வரும்போது உன் கார் எங்களுக்கு முன்னால் போய் நின்றது. வீட்டில் விளக்கு எரியவில்லை. நீ உடனே இறங்கி, சாவியைச் சுழற்றிக்கொண்டு, நேராக உள்ளே போனாய். அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. பகல் முழுக்க ஒருத்தி யாரோடும் பேசாமல் உனக்காகக் காத்திருக்கிறாள் என்பது உனக்குப் பாரமாக இருந்தது. பாசம் இல்லாதவனுக்கு அது பாரமாகவே இருந்திருக்காது, நேராக உள்ளே வந்து டிவியைப் போட்டிருப்பான். இப்போது உனக்கு நான் சொல்கிற புத்தி ஒன்றுதான். காரில் உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்யும் பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடு. மனசு சரியில்லை என்றால் அனுவிடம் மனசு சரியில்லை என்றே சொல். அவள் தாங்குவாள். நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் நல்ல முகத்தைக் காட்டிக் காட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டோம். அந்தப் பழக்கத்தை உனக்கும் கொடுத்திருக்கிறேன் என்று அந்த ஜன்னலில் நிற்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகையால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. விருந்தாளியாக வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகக் கூப்பிட்டால் வருவேன், பிள்ளை பிறந்தால் ஓடி வருவேன், ஆனால் அங்கேயே இருக்க வரமாட்டேன். இங்கே நான் தனியாகத்தான் இருக்கிறேன். நல்லா இருக்கேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சொன்னதில் பாதி பொய். சில நாள் இந்த வீட்டில் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது. மும்தாஜும் போன பிறகு இன்னும் மோசமாக இருக்கும், அதுவும் தெரியும். ஆனாலும் இது என் வீட்டில் நான் படுகிற தனிமை, என்னோடு போகட்டும். அங்கே வந்தால் அதையும் நீ தினமும் வாசலில் நின்று சுமக்க வேண்டும். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் மனையில் நீ எப்போதாவது வீடு கட்ட வந்தால், முருகேசனைக் கூப்பிட்டு மறுபடி மண் அடித்துக்கொள்ளலாம். வராவிட்டாலும் பரவாயில்லை. யாராவது கேட்டால், மவன் அங்கேயே வீடு வாங்கிட்டான், இதுல நான் மிளகா போட்டிருக்கேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லும்போது கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். வரவில்லை என்பதை எழுதிவிட்டேனே தவிர, உன் குரலைக் கேட்டு வாயால் சொல்லும்போது எனக்குக் குரல் கட்டாயம் உடையும். அதைக் கேட்டு, அம்மா மனசு மாறிவிட்டாள் என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடாதே. அது அழுகை, அவ்வளவுதான். சரிம்மா, விடும்மா என்று சொல்லிப் பேச்சை மாற்றாமல், நான் அழுது முடிக்கும் வரை போனை வைக்காமல் இரு.

அம்மா